இறங்க இன்னும் படிக்கவில்லை

வகுப்பறைச் சுவர்களில் தரையிலிருந்து பிள்ளைகளின் கை எட்டும் உயரம்வரை சுற்றிலும் கறுப்பு அடிக்க வேண்டும், அதில் ஆளுக்கொரு பங்கு பிரித்துக் கோடு போட வேண்டும் என்று 2007இல் எங்களுக்குச் சொன்னார்கள். பெயிண்டர் டப்பாவைத் திறக்காமலே நின்றார். "டீச்சர், கரும்பலகைன்னா மேலதானே இருக்கும்? தப்பா எழுதி அனுப்பிட்டாங்களோ?" எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் நான் அப்போது தலைமையாசிரியை. "சரியாத்தான் எழுதியிருக்காங்க, அடிங்க" என்றேன். அந்த நாற்காலிக்கு வந்த பிறகு நான் போட்ட முதல் பெரிய உத்தரவு அதுதான். அதுவரை போட்டதெல்லாம் சத்துணவு முட்டைக் கணக்கைப் பற்றியவை.

அறந்தாங்கிப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஓட்டுக் கட்டடம் ஒன்று, கான்கிரீட் கட்டடம் ஒன்று, நடுவில் ஒரு வேப்ப மரம். எழுபது பிள்ளைகளுக்கு நாங்கள் மூன்று பேர். நான், சின்ன டீச்சர், பெரிய சார். உண்மையில் என் நாற்காலி பெரிய சாருக்கு வந்திருக்க வேண்டியது. பதவி உயர்வில் போனால் வேறு ஊருக்குப் போக வேண்டியிருக்கும் என்று அவர் எழுதிக் கொடுத்து விலகிக்கொண்டவர். பல வருடங்களுக்குப் பிறகு அதே பள்ளியில் அந்த இடம் காலியானபோது, கவுன்சிலிங்கில் என் முறை வந்து நான் எடுத்துக்கொண்டேன். முதல் நாள் சாவிக் கொத்தை என் மேசையில் வைத்துவிட்டு, "பீரோ சாவி கொஞ்சம் இறுக்கமா இருக்கும், ஹெச்.எம். டீச்சர்" என்றார். அந்த 'ஹெச்.எம். டீச்சர்' மரியாதையா குத்தலா என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

அந்தக் கறுப்புச் சுவரைக் கேட்ட திட்டத்தைச் செயல்வழிக் கற்றல் என்று அரசாணைகளில் எழுதுவார்கள். எங்கள் ஒன்றியத்தில் எல்லாருடைய வாயிலும் அது ஏ.பி.எல். பாடங்களெல்லாம் சின்னச் சின்னப் படிகளாக உடைந்து அட்டைகளாக வந்தன. அட்டையில் ஒரு சின்னம், ஓர் எண். சுவரில் ஏணி ஒன்று மாட்டியிருக்கும். பிள்ளை வந்து, ஏணியில் தான் நிற்கும் படி எது என்று பார்த்து, தட்டிலிருந்து அந்த அட்டையை எடுத்துக்கொண்டு, சின்னத்துக்குரிய குழுவில் போய்ப் பாயில் உட்கார வேண்டும். ஒரு குழுவில் ஆசிரியர் முழுத் துணை, இன்னொன்றில் பாதித் துணை, வேறொன்றில் கூடப் படிக்கும் பிள்ளை துணை, ஒன்றில் தானே. ஒன்று முதல் நான்கு வகுப்பு வரை கலந்து உட்காருவார்கள். ஆசிரியரும் தரையில். மேசை கிடையாது, பிரம்பு கிடையாது. பிள்ளைகள் தங்கள் வருகையைத் தாங்களே பதிவார்கள். எழுதியது, வரைந்ததெல்லாம் தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் தொங்கும்.

இதில் எனக்கு முதல் பார்வையிலேயே பிடித்தது ஒன்றுண்டு. அறுப்புக்கும் திருவிழாவுக்கும் பெற்றோரோடு போய்விட்டு வாரக்கணக்கில் கழித்து வரும் பிள்ளை, போகும்போது விட்ட இடத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். பழைய முறையில் அவன் திரும்பி வரும்போது வகுப்பு எங்கோ போயிருக்கும். கடைசி வரிசைச் சுவரில் சாய்ந்துகொண்டு ஜன்னலைப் பார்ப்பான். அப்படிப் பார்த்த கண்கள் பல எனக்கு இன்றும் நினைவிருக்கின்றன.

ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ரிஷிவேலியில், பத்மநாப ராவும் ரமாவும் சுற்றுவட்டாரச் சிற்றூர்ப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய முறை இதற்கு மூலம். ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை வைத்துக்கொண்டு திண்டாடும் பள்ளிகளுக்காகவே பிறந்தது. 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் தம் பள்ளி ஆசிரியர்களை அங்கே அனுப்பிப் பார்த்துவரச் செய்தார். முதலில் 13 மாநகராட்சிப் பள்ளிகள். பிறகு அவர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநராக வந்தபோது, அது மாநிலத்துக்கே வந்தது. 2007-08இல் 37,000க்கும் மேற்பட்ட பள்ளிகள். 13 பள்ளிகளில் ஒன்றை முயன்று பார்ப்பது ஒரு காரியம். அதுவே 37,000 பள்ளிகளுக்கு உத்தரவாக வந்து இறங்குவது முற்றிலும் வேறு காரியம். ரிஷிவேலியைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு நம்பிக்கை இருந்தது. எங்களுக்கு வந்து சேர்ந்தவை அட்டைப் பெட்டிகள்.

வட்டார வள மையத்துப் பயிற்சியில் எங்களையும் பாயில் உட்காரவைத்து அட்டை எடுக்கச் சொன்னார்கள். மூட்டுவலிக்காரர்கள் முனகினார்கள். பயிற்சி முடியும்போது பயிற்றுநர் ஒருவர், "தலைமையாசிரியர்களாகிய உங்க கையிலதான் இருக்கு, நீங்க உறுதியா நின்னா எல்லாம் நடக்கும்" என்றார். உறுதி எங்கே விற்கிறது என்று யாராவது சொன்னால் வாங்கிவரலாம். பஸ்ஸில் திரும்பும்போது வயிற்றைக் கலக்கியது. பெரிய சாரிடம் இதை எப்படிச் சொல்வது?

பெரிய சார் சோம்பேறி வாத்தியாராக இருந்திருந்தால் என் வேலை சுலபம். அவர் நல்ல ஆசிரியர். அவரிடம் படித்த பிள்ளைகள் பதினாறாம் வாய்ப்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அறந்தாங்கியில் மேல்நிலைப் பள்ளியில் சேர்க்கும்போது, எந்தப் பள்ளிப் பிள்ளை என்று கேட்டுவிட்டுத் தலையாட்டுவார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைக் கலைக்கச் சொல்கிறார்கள், கலைத்த பிறகு ஒன்றும் தேறாவிட்டால் இந்த ஊர்ப் பிள்ளைகளின் நான்கு வருடத்துக்கு யார் பொறுப்பு? என்னைப் பற்றிய சந்தேகம், திட்டத்தைப் பற்றிய சந்தேகம், இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு எது எதென்றே பிரிக்க முடியவில்லை. இதை இப்போது சொல்வது சுலபம். அப்போது ஹாலில் அட்டைகளைப் பரப்பிவைத்துக்கொண்டு நடுராத்திரியில் உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்க எழுந்து வந்து, மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் போவார்.

அந்த ராத்திரிகளில்தான் சைக்கிள் ஞாபகம் வந்தது.

1991இல் நான் ஆசிரியர் பயிற்சியை முடித்துவிட்டு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுச் சும்மா இருந்த பெண். அந்த ஜூலையில் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். ஊர் ஊராகக் கலைக்குழு வந்தது, தொண்டர்கள் வேண்டும் என்றார்கள், போய்ச் சேர்ந்தேன். ராத்திரி அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் வகுப்பு. கல்லுடைக்கப் போகிறவர்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள், கை காய்ப்புக் காய்த்துப் பலப்பம் பிடிக்க வராதவர்கள். பக்கத்துக் குடியிருப்புக்குப் போய்ப் பாடம் நடத்த வேண்டுமென்றால் நடைதான். பெண் தொண்டர்கள் சைக்கிள் கற்றுக்கொள்ளட்டும் என்று அந்த இயக்கத்தில் முடிவெடுத்தார்கள். எடுத்த முடிவு தீயாய்ப் பரவியது. தொண்டர்கள் கற்றுக்கொண்டார்கள், அவர்களைப் பார்த்துப் படிக்க வந்தவர்களும் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. வாடகைக் கடையில் கிடைத்த ஆம்பளை சைக்கிளில், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெண்கள் ஏறினார்கள். 1992 மகளிர் தினத்தில் புதுக்கோட்டைத் தெருக்களில் மணியடித்துக்கொண்டு போன ஊர்வலத்தைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். அந்தக் கட்டுரை எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில்கூட இருந்தது. வடக்கே பிள்ளைகள் புதுக்கோட்டைப் பெண்களை இந்தியில் படித்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும்.

எனக்குச் சைக்கிள் சொல்லிக்கொடுத்தது, நான் ராத்திரியில் 'அ' எழுதச் சொல்லிக்கொடுத்த அக்காதான். கல் குவாரியில் ஜல்லி உடைப்பவர். கண்மாய்க் கரையில் சாயங்காலம் என்னைச் சீட்டில் ஏற்றி, கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். சைக்கிள் நன்றாகத்தான் போனது. சரிவு வந்தது, வேகம் கூடியது. "அக்கா, நிறுத்துறது எப்படிக்கா?" என்று கத்தினேன். பின்னால் மூச்சிரைக்கப் பதில் வந்தது: "ஏறி ஓட்டத்தான் தெரியும்மா! இறங்க இன்னும் படிக்கல!" கருவேலம் புதர்தான் எங்களை நிறுத்தியது. முள்ளை ஒருவருக்கொருவர் பிடுங்கிக்கொண்டு வெகுநேரம் சிரித்தோம்.

பிறகு யோசித்தால், அந்த மாவட்டமே அந்த ஒரு வருடம் அப்படித்தான் ஓடியிருக்கிறது. முந்தாநாள் கற்றுக்கொண்டவள் நேற்று ஒருத்திக்குக் கேரியர் பிடித்தாள். முழுதாகக் கற்றுக்கொண்ட பிறகுதான் சொல்லிக்கொடுப்பேன் என்று யாரும் காத்திருக்கவில்லை. குவாரி வேலைக்காரப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியையே குத்தகைக்கு எடுத்து நடத்தியதும் அதே காலத்தில்தான். கணக்கு நோட்டைப் புரட்டத் தெரிந்த பிறகா அவர்கள் குத்தகைக்குக் கையெழுத்துப் போட்டார்கள்? 1992 ஆகஸ்டில் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு மாவட்டம் என்று அறிவித்தார்கள். அந்த 'முழு' என்ற சொல்லில் எனக்குச் சந்தேகம் உண்டு. விளக்கு அணைந்த பிறகு எழுத்தை மறந்தவர்களும் இருந்தார்கள். சைக்கிளை மறந்தவர்கள் மட்டும் நான் பார்த்ததில்லை.

ஆகவே பெரிய சாரிடம் போய் உண்மையைச் சொன்னேன். "சார், இது சரியா வருமான்னு எனக்குத் தெரியல. ஆனா ஆரம்பிக்கணும். நீங்க எங்கெல்லாம் இடிக்குதுன்னு பார்த்துச் சொல்லுங்க." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியலன்னு சொல்ற ஹெச்.எம்.மை இப்பத்தான் பாக்குறேன்" என்றார். அது பாராட்டு இல்லை. ஆனால் மறுநாள் அட்டைகளைத் தட்டு வாரியாகப் பிரிக்க அவர்தான் முதலில் உட்கார்ந்தார். வாய்ப்பாடு மட்டும் போகக் கூடாது என்று ஒரே நிபந்தனை. சாயங்காலம் கடைசி அரைமணி நேரம் வேப்ப மரத்தடியில் வாய்ப்பாடு சொல்லலாம் என்றேன். ஏ.பி.எல்.லில் அதற்கு இடமில்லை. "ஏ.இ.இ.ஓ. வந்து கேட்டா?" உதவித் தொடக்கக் கல்வி அலுவலரைச் சொன்னார். "கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன் சார்." சொல்லிவிட்டேனே தவிர, அந்தப் பருவம் முழுக்க ஜீப் சத்தம் கேட்டாலே நெஞ்சு திக்கென்றது.

தலைமை என்றால் இவ்வளவுதானோ என்று எனக்கு அவ்வப்போது தோன்றும். மேலேயிருந்து வருவதில் எதை அப்படியே கீழே விடுவது, எதைத் தன் கையிலேயே பிடித்துக்கொள்வது என்ற கணக்கு. கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார் என்று தெரிந்துவிட்டால், கூட இருப்பவர்கள் துணிந்துவிடுகிறார்கள். அந்த ஆளுக்குத் துணிச்சல் இருக்கிறதா என்று யாரும் சோதிப்பதில்லை. அது என் நல்ல காலம்.

முதல் சில வாரங்கள் வகுப்பறை சந்தைக்கடை. பிள்ளைகள் அட்டையைத் தேடி ஓடுவதும், ஒரே அட்டைக்கு இரண்டு பேர் இழுப்பதும், ஏணியில் மேலே ஏறிவிட்டதாகப் பொய் சொல்வதும். சின்ன டீச்சர் ஒருநாள் சத்துணவுக்கூடத்துக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு வந்தார். சத்துணவு ஆயாதான் வந்து என்னிடம் சொன்னார். பெரிய சார் தரையில் உட்கார மறுத்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அறைக்குள் நடந்துகொண்டே இருந்தார். பிறகு ஒருநாள் வீட்டிலிருந்து ஒரு மணைப்பலகையைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார். தரையுமில்லை, நாற்காலியுமில்லை. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் பக்கத்து ஒன்றியத்திலிருந்து ஓர் இளம் தலைமையாசிரியை போனில் பேசினாள். 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்ததிலிருந்து அவளுக்கு ஒரே அலைச்சல். பயிற்சி, ஆப்பில் பதிவு, அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரிப்பது. "அக்கா, எனக்கே பிடிபடாததை மத்தவங்களைச் செய்யச் சொல்ல வாய் வரமாட்டேங்குது. நீங்கல்லாம் எப்படித் தைரியமா செஞ்சீங்க?" தைரியமா? அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். அவளிடம் ஒன்று கேட்டேன்: "உங்க பள்ளிக்கூடத்துல யாரு ரொம்ப எதிர்க்கிறாங்க? அவங்களோட ஒருநாள் டீ குடிச்சியா?" இன்னும் இல்லை என்றாள்.

ஏ.பி.எல். வந்த முதல் வருடத்துப் பெற்றோர் கூட்டத்தை நினைத்தால் இன்றும் கூச்சம். புத்தகம் எங்கே, வீட்டுப்பாடம் எங்கே, வாத்தியார் தரையில் உட்கார்ந்தால் பிள்ளைக்குப் பயம் எப்படி வரும் என்று கேட்டார்கள். வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு லீவில் வந்திருந்த ஒருவர் எழுந்தார். "டவுன்ல இங்கிலீஷ் மீடியத்துல வேன் வச்சுக் கூட்டிட்டுப் போறான். நீங்க எங்க புள்ளைகள வச்சுப் பரீட்சை பண்ணிப் பாக்குறீங்களா?" கூட்டம் முழுவதும் என்னைப் பார்த்தது. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பரீட்சைதான். "நீங்க யாராவது ஒருநாள் வந்து உள்ளே உக்காந்து பாருங்க" என்று மட்டும் சொல்ல வந்தது. ஆண்கள் யாரும் வரவில்லை. ஒரு பாட்டி வந்தார்.

இரண்டாம் வகுப்புப் பேரனுக்குப் பக்கத்தில் பாயில் காலை நீட்டி உட்கார்ந்தார். வெற்றிலைப் பை மடியில். அவன் எடுத்துவந்த அட்டையை வாங்கிக் கண்ணுக்கு எட்டத் தள்ளிப் பிடித்தார். சுண்ணாம்பு உலர்ந்த ஆள்காட்டி விரலை எழுத்துக்குக் கீழே ஒவ்வொன்றாக நகர்த்தினார். "ப... ட... கு" என்று உதடு அசைந்தது. பேரன் வாயைத் திறந்துகொண்டு பார்த்தான். பாட்டிக்குப் படிக்கத் தெரியும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது. "அறிவொளியில படிச்சதுடா" என்றார். எந்த ஊரில், யாரிடம் என்று நான் கேட்டேன். என் குடியிருப்பு இல்லை, வேறு யாரோ ஒரு பெண்ணின் விளக்கு வெளிச்சம். அடுத்த அட்டையை எடுக்கச் சொல்லிப் பேரனை விரட்டினார். மத்தியானம் சாப்பாட்டு நேரம்வரை எழவே இல்லை. போகும்போது, "எங்களுக்கும் இப்படித்தான் கீழ உக்காந்து சொல்லிக் குடுத்தாங்க" என்றார். அதற்குப் பிறகு ஊருக்குள் என்ன பேசினாரோ தெரியாது. வேனில் போன பிள்ளைகள் வேனில்தான் போனார்கள், ஒன்றிரண்டு கூடவே போயின. மிச்சம் இருந்தவர்கள் சண்டைக்கு வருவதை விட்டார்கள்.

ஏ.பி.எல். பிற்பாடு தேய்ந்ததும் உண்மை. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன, புது அட்டை வர மாதங்கள் ஆயின. தட்டில் அட்டை இல்லையென்றால் ஏணியில் அந்தப் படியே இல்லை. பதிவேடுகள் பெருகின. எத்தனை பிள்ளை எந்தப் படியில் என்று எழுதுவதற்கே ஒரு ஆள் வேண்டும்போல இருந்தது. பார்வைக்கு வருகிறவர்கள் பிள்ளை படிக்கிறதா என்று பார்ப்பதைவிட, கம்பிப் பந்தலில் தாள் தொங்குகிறதா என்று பார்த்தார்கள். 2012இல் முப்பருவ முறை வந்து, ஏ.பி.எல். எளிமைப்படுத்திய வடிவமானது. இன்று சுவரில் அந்தக் கறுப்பின் மேல் மஞ்சளும் நீலமும் ஏறிவிட்டன. தோற்றது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. பிரம்பு போனது, திரும்பவில்லை. ஆசிரியர் பிள்ளையின் கண் மட்டத்துக்கு இறங்கிவந்தார், முழுக்க மேலே ஏறிவிடவில்லை. இவையெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாத கணக்கு.

பெரிய சார் மாறினாரா என்று கேட்பார்கள். மாறவில்லை. குற்றம் கண்டுபிடிப்பதை அவர் ஒருநாளும் நிறுத்தவில்லை. ஆனால் இரண்டாம் வருடம் அவர் கண்டுபிடித்த குற்றங்களின் தரம் மாறியது. முதல் வருடம், இதெல்லாம் வேலைக்காகாது என்றார். இரண்டாம் வருடம், கணக்கில் கடன் வாங்கிக் கழித்தலுக்கு அட்டை போதாது, பழகுவதற்குள் பிள்ளையை அடுத்த படிக்குத் தள்ளிவிடுகிறது என்றார். தாமே பழைய காலண்டர் அட்டையை வெட்டி, பின்பக்கத்தில் கூடுதல் கணக்குகள் எழுதி, மூலையில் அதே சின்னத்தை வரைந்து தட்டில் சேர்த்தார். முதல் வருடம் அவரை வாயடைக்கச் செய்திருந்தால் இந்த அட்டைகள் வந்திருக்குமா? நான் அப்படிச் செய்யாததற்குக் காரணம் பெருந்தன்மை இல்லை. அவரை எதிர்த்துப் பேசுகிற தெம்பு எனக்கு இல்லை, அவ்வளவுதான். என் தயக்கம் எனக்குச் செய்த உதவிகளில் அது ஒன்று.

அந்த வருடம் ஒரு சனிக்கிழமை, குறுவள மையக் கூட்டத்துக்கு மூன்று பேரும் போயிருந்தோம். பத்துப் பள்ளி ஆசிரியர்கள், ஒரே ஒரு மின்விசிறி. கருத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்று பயிற்றுநர் சம்பிரதாயமாகக் கேட்டார். பெரிய சார் எழுந்து சட்டைப் பையிலிருந்து முழு நீளத் தாள் ஒன்றை எடுத்தார். அச்சடித்த மாதிரிக் கையெழுத்து. அட்டை எண் வாரியாக, எங்கே பிள்ளை இடறுகிறது, எங்கே எடுத்துக்காட்டு ஊருக்குப் பொருந்தவில்லை, எங்கே இரண்டு படிகளை முன்பின்னாக மாற்ற வேண்டும் என்று வாசிக்கத் தொடங்கினார். முதலில் சிரித்தவர்கள் கொஞ்ச நேரத்தில் நோட்டைத் திறந்து குறித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். டீ வந்தது, ஆறியது. பயிற்றுநர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஹெச்.எம். டீச்சர், சாரைக் கொஞ்சம் சுருக்கமா..." என்று இழுத்தார்.

"தாளுக்குப் பின்பக்கமும் இருக்கு சார்" என்றேன்.